தொடை எலும்பில் வைத்த பிளேட் எப்படி உடையும்?

அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள், எட்டாவது மாதம் அது உடைந்துவிட்டது, மட்டமான பிளேட்டை வைத்து ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை நானும் கையில் எக்ஸ்ரேயோடு ஒரு டாக்டரிடம் கோபமாகக் கேட்டிருக்கிறேன். என் தம்பிக்கு நடந்தது. நான் டாக்டர் இல்லை, கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தம்பிக்கு பைக் விபத்து. வலது தொடை எலும்பு நடுப்பகுதியில் மூன்று நான்கு துண்டாக நொறுங்கிவிட்டது. வெளிப்பக்கம் நீளமாகத் திறந்து பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டார்கள். ஏழாவது மாதம் ஒரு விடியற்காலை, பாத்ரூம் போகக் கட்டிலிலிருந்து எழுந்து காலை ஊன்றினான், ‘டக்’ என்று ஒரு சத்தம், பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மாவுக்கே கேட்டிருக்கிறது. விழவில்லை, வழுக்கவில்லை. எழுந்து நின்றான், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆபரேஷனில் எடுத்த பிளேட்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பு முறிந்திருந்த இடத்துக்கு நேரே, ஸ்க்ரூ போடாமல் விட்டிருந்த ஓட்டையின் ஓரத்தில்தான் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பு, சன்னமான வளைகோடுகள். கடைசி ஓரம் மட்டும் சொரசொரப்பு. பட்டறைக்காரனுக்கு இதைப் பார்த்ததும் தெரியும். மோட்டார் ஷாஃப்ட் நாள்கணக்கில் ஓடி விரிசல் விட்டு முறிந்தால் இப்படித்தான் இருக்கும், ஒரே அடியில் உடைந்த இரும்பு இப்படி இருக்காது. விரிசல் பல வாரமாக உள்ளே ஊர்ந்துகொண்டே வந்து அன்று காலை முடிந்திருக்கிறது.

பிளேட் உடைந்ததால் எலும்பு கூடாமல் போனது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். நடந்தது தலைகீழ். எலும்பு கூடவில்லை, அதனால் பிளேட் உடைந்தது.

கட்டுக்கம்பியை எப்படி முறிப்போம்? இப்படியும் அப்படியும் சில தடவை வளைத்தால் கையோடு வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ டைட்டானியமோ, மீண்டும் மீண்டும் வளைந்தால் இதே கதைதான், தடவைதான் கூடும். ஒரு நாளைக்கு 3000 அடி நடந்தால் அடிபட்ட காலுக்கு 1500 தடவை. ஆறு மாதத்தில் 2,70,000 தடவை. எலும்பு கூடிவர வர பாரத்தை அது வாங்கிக்கொள்ளும், பிளேட்டுக்கு வேலை குறைந்துகொண்டே போகும். தொடை எலும்பு கூட பொதுவாக நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும் என்பார்கள், பிளேட் அந்தக் காலத்துக்குத் தாங்கிப் பிடிக்க வைத்ததுதான். கூடாமலே போனால் முழுப் பாரமும் அதன் தலையில்.

தொடை எலும்பில் இது ஏன் இன்னும் மோசம் என்றால், உடம்பின் எடை இடுப்பு மூட்டு வழியாக எலும்பின் நேர் நடுவில் இறங்குவதில்லை, உட்பக்கமாகத் தள்ளி இறங்குகிறது. அதனால் உட்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். பிளேட் இருப்பது வெளிப்பக்கம். உட்பக்க எலும்பு ஒன்றோடு ஒன்று முட்டி நின்றால் பிரச்சினை இல்லை. தம்பிக்கு நொறுங்கி இடைவெளி விழுந்ததே அங்கேதான், ஆகவே ஒவ்வொரு அடிக்கும் பிளேட் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. போதாததற்கு முறிவுக்கு மிக அருகிலேயே இரண்டு பக்கமும் ஸ்க்ரூ இறுக்கியிருந்தார்கள். கம்பியை இரண்டு கையும் ஒட்டிப் பிடித்து வளைத்தால் சீக்கிரம் முறியும், தள்ளிப் பிடித்தால் வளைவு நீளத்துக்குப் பரவும், அதே கணக்கு.

எலும்பின் நடுத்துளைக்குள் ராடு விடும் முறை இதற்குத்தான் பெயர்போனது. கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற ஜெர்மன் டாக்டர் 1939-ல் கீல் நகரத்தில் செய்து காட்டியது. ராடு எலும்பின் நடுவிலேயே நிற்பதால் வளையும் வேலை குறைவு, முறிந்த இடத்தைப் பெரிதாகத் திறக்கவும் வேண்டாம். திறப்பது சின்ன விஷயம் இல்லை. எலும்பு முறிந்த பிறகு சுற்றியிருக்கும் சவ்வும் சதையும்தான் அதற்குப் பெரும்பாலும் ரத்தம் கொடுக்கிறது, பிளேட் உட்கார இடம் பண்ணுகிறேன் என்று அதையெல்லாம் அதிகமாகச் சுரண்டிவிட்டால் எலும்பு பார்க்க நேராக நிற்கும், ஆனால் வளராது. ராடும் உடையாமல் இல்லை. மெல்லிசாகப் போட்டாலோ எலும்பு கூடாவிட்டாலோ அதுவும் போகும்.

எங்கள் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். வார்டில் பக்கத்து கட்டிலில் இருந்தவர் ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார். அவருக்குப் போட்டது ராடு. இவனுக்குப் பிளேட், மூன்று மாதம் பாரம் வைக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டாவது மாதம் வீட்டு விசேஷத்தில் வாக்கர் இல்லாமல் நடந்தான், நாங்களும் சந்தோஷப்பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். தினமும் ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல், அதற்கு மேல் மாடியில் ஒளிந்து சிகரெட். புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று யாரும் அவனிடம் அழுத்திச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் இதே கெடுதலைச் செய்யும், உங்கள் அப்பாவுக்கு இருந்தால் அதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது மாத எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு அப்படியே இருந்தது, ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் வேறு. ஸ்க்ரூ தளர்ந்தால் அப்படித் தெரியும். எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது தொடையில் வலிக்கிறது என்று அவனும் பல வாரம் சொன்னான், குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். அப்போதே பார்த்திருந்தால் உடைவதற்கு முன்பே மாற்றியிருக்கலாம்.

அப்பாவுக்கு வயது என்ன, முறிந்தது தொடையின் நடுவிலா இடுப்புக்குப் பக்கத்திலா என்று நீங்கள் எழுதவில்லை. இடுப்புப் பக்கம் என்றால் கதை கொஞ்சம் மாறும். வயதானவர்களின் எலும்பு மென்மையாகியிருப்பதால் ஸ்க்ரூ உடையாமலே, இடுப்பு மூட்டுக்குள் பந்து மாதிரி இருக்கும் தொடை எலும்பின் தலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஸ்க்ரூவின் நுனி பந்தின் உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நேராக எடுத்த எக்ஸ்ரேயிலும் பக்கவாட்டில் எடுத்ததிலும் அளந்து கூட்டுவார்கள், 25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று 1995-லேயே எழுதியிருக்கிறார்கள். பந்துக்குக் கீழே எலும்பு குறுகும் கழுத்துப் பகுதியில் முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்தக்குழாயே அறுந்துபோகலாம், அதனால்தான் வயதானவர்களுக்குப் பல நேரம் மூட்டையே மாற்றிவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரம். அடுத்த ஆபரேஷனுக்கு முன்னால் உள்ளே கிருமி இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ச்சல் இல்லாமல், சீழ் இல்லாமல், உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு கிருமி மாதக்கணக்கில் இருக்கும், எலும்பைக் கூடவும் விடாது. தம்பிக்கு முதலில் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், ஆபரேஷனில் முறிந்த இடத்திலிருந்து சதைத் துண்டு எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று வந்தது. பிளேட்டை எடுத்துவிட்டு ராடு போட்டு, இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்தால் தெரியும் நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் எலும்பு வந்திருந்தது. சிகரெட்டை அன்றிலிருந்து தொடவில்லை.

முதல் ஆபரேஷனிலிருந்து எடுத்த எல்லா எக்ஸ்ரேயையும் தேதி வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள், உடைந்த பிளேட் தெரியும் கடைசி எக்ஸ்ரேயை மட்டும் கொண்டு போகாதீர்கள். எந்த மாதம் எலும்பு வளர்வது நின்றது என்பது அந்த வரிசையில்தான் தெரியும். அப்பாவின் வயதும் முறிந்த இடமும் எழுதுங்கள், எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.