வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

கேள்வி: வாடகைக்கு விடுவதற்காக முதல்முறையாக ஒரு வீடு வாங்கப் போகிறேன். விலை என் ஐந்து வருடச் சம்பளம். வங்கி 80 சதவீதம் தரும். வட்டி 9 சதவீதம், 20 ஆண்டு. மீதியில் பாதி கையில் இருக்கிறது. மறுபாதிக்கு 14 சதவீதத்தில் பர்சனல் லோன் எடுத்து ஐந்து வருடத்தில் அடைத்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். வீட்டைக் காட்டியவரும் அவர்தான். ஆண்டு வாடகை விலையில் 4 சதவீதம் வருமாம், அதுவே தவணையைக் கட்டிவிடுமாம். பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்தாயிற்று. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வீடு நல்ல வீடாகவே இருக்கட்டும், முன்பணத்தையே கடனாக வாங்குவதுதான் உங்களைக் கவிழ்க்கும்.

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆண்டுச் சம்பளம் 20. வீட்டுக் கடன் 80க்கு வருடத் தவணை சுமார் 8.6. பர்சனல் லோன் 10க்கு 2.8. ஆக 11.4 வெளியே போகிறது. வாடகை 4 என்கிறீர்கள். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால், குழாய், பெயின்ட், வரி, பராமரிப்பு என்று கழித்தால் 3 தேறும். பாக்கி 8.4, அதாவது சம்பளத்தில் 42 சதவீதம், உங்கள் பையிலிருந்து. இத்தனைக்கும் முதல் வருடத்தில் வீட்டுக் கடனின் அசல் குறைவது ஒன்றரைதான். பதிவுச் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை. அதற்கு எந்தக் கடன்?

முன்பணம் முழுவதும் கைக்காசாகச் சேரும்வரை பொறுங்கள். அதற்குமேல் ஆறு மாதத் தவணையும் தனியாக இருக்கட்டும். அப்புறம் சின்ன வீடாகப் பாருங்கள். குடிவர ஆள் சீக்கிரம் கிடைக்கும். வாடகை எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்காதீர்கள், அதே கட்டடத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். 'வாடகைக்கு' அட்டை நாலைந்து பால்கனியில் வெயிலில் வெளுத்துப்போய்த் தொங்கினால் அந்த 4 சதவீதம் வெறும் பேச்சு. நல்ல மழைக்கு மறுநாள் போய்க் குளியலறையின் வெளிப்பக்கச் சுவரில் ஈரம் கசிகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

'உறுதியான வாடகை' தருவதாகக் கட்டுநரே சொன்னால் இன்னும் உஷார். பெரும்பாலும் அந்த வாடகையை விலையிலேயே ஏற்றியிருப்பார்கள். உங்கள் பணமே உங்களுக்குத் திரும்பி வரும்.

மைத்துனரிடம் எப்படிச் சொல்வது என்ற சங்கடம் புரிகிறது. வங்கிக் கடனில் இடிக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பர்சனல் லோன் தவணையைப் பார்த்தால் வங்கி வீட்டுக் கடனைக் குறைக்க வாய்ப்புண்டு, எனவே அது முழுப் பொய்யும் இல்லை.