டெல்டாக் கொல்லை மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு எந்த இயற்கை உரம் வாங்குவது?

கும்பகோணம் பக்கம் புது வீடு, பின்னால் 2 சென்ட் கொல்லை, அதில் 40 செடி அளவுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் போடப் போகிறீர்கள். கடையில் மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, எலும்புத்தூள், கடற்பாசிச் சாறு, பூ பிடிக்க ஒரு பாட்டில் என்று வரிசையாக எடுத்து வைத்தார்கள். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கண்டியூர் பக்கம் 11 வருடமாகக் கொல்லையில் காய்கறி போடுகிறேன். இன்னும் ஒரு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். அந்த ஒரு வாரம் எதற்கு என்று சொல்கிறேன்.

நான் தொடங்கிய முதல் வருடம் உங்களை மாதிரியே எல்லாவற்றையும் வாங்கினேன். எங்கள் கொல்லையில் பழைய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதை இடித்த சுண்ணாம்புக் காரை முழுவதும் அங்கேயே சிதறிக் கிடந்தது. மேலே ஒரு வண்டி மண் அடித்துச் சமன்படுத்தினோம். அதன் பிறகு காரையை மறந்தே போனேன். விறகடுப்புச் சாம்பல் நல்ல உரம் என்று கேள்விப்பட்டுத் தினமும் கொட்டினேன். முட்டை ஓட்டை நுணுக்கிப் போட்டேன். எலும்புத்தூளும் போட்டேன். மூன்றுமே சுண்ணாம்பு கொண்ட பொருள்கள். சுண்ணாம்பு கிடக்கும் மண்ணில் மேலும் சுண்ணாம்பைச் சேர்க்கிறோம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நட்ட ஒரு மாதத்தில் கத்தரிக் குருத்து வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் எல்லாம் மஞ்சள். பசியில்தான் வெளுக்கிறது என்று நினைத்துக் கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாரம் இரண்டு முறை ஊற்றினேன். இன்னும் வெளுத்தது. பாபநாசத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா செடியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடியிலை பச்சையாத்தானே இருக்கு, குருத்துதானே வெளுக்குது? தழைச்சத்து பத்தலேன்னா அடியிலைதான் முதல்ல பழுக்கும். இதுக்குப் பசி இல்லப்பா, மண்ணு சாப்பிட விடல. நீ போடறத நிறுத்து."

மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.6 என்று வந்தது. 7 என்றால் நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே புளிப்பு. அந்த அளவில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. குருத்து வெளுத்ததற்கு அதுதான் காரணம். சாம்பலையும் முட்டை ஓட்டையும் நிறுத்தினேன். கைக்கு அகப்பட்ட காரையை எல்லாம் பொறுக்கி வெளியே போட்டேன். அந்தப் போகத்தைக் காப்பாற்ற, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு மாலை வேளையில் இலைமேல் தெளித்தேன். புது இலை பச்சையாக வந்தது. முழு இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் சிலர் அன்னபேதியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பற்றாக்குறை என்று தெரிந்த பிறகு ஒன்றிரண்டு முறை தெளிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

உங்களுடையதும் புது வீடு. சிமெண்டுக் கலவை, பூச்சு மண், செங்கல் பொடி எல்லாம் கொல்லையில்தான் விழுந்திருக்கும். மனையை உயர்த்தச் சவுடு அடித்திருந்தால் மேலே கிடப்பது ஊர் மண்ணே இல்லை. அதனால் முதலில் தோண்டிப் பாருங்கள். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு குழி. அதில் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். இரண்டாவது முறை நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். நாலைந்து மணி நேரத்தில் வடிந்தால் சரி. மறுநாளும் நின்றால் உரம் எதுவும் உதவாது; மேட்டுப்பாத்தி போட்டே ஆக வேண்டும். தண்ணீர் நிற்கும் மண்ணில் காற்று இல்லை, காற்றில்லாமல் வேர் எதையும் எடுக்காது. போட்ட தழைச்சத்தும் (நைட்ரஜன்) அந்த நிலையில் வாயுவாகிப் போய்விடும்.

இரண்டாவது, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் ஓரிரு மணி நேரத்தில் படியும், களி அதற்கு மேல் மெதுவாகப் படியும். மூன்று நான்கு நாளாகியும் தண்ணீர் தெளியாமல் கலங்கலாகவே நின்றால் அது களர்த்தன்மைக்கு, அதாவது மண்ணில் சோடியம் மிகுந்திருப்பதற்கு, அறிகுறி. அந்த மண்ணுக்கு முதல் தேவை ஜிப்சமும் வடிகாலும், புண்ணாக்கெல்லாம் அப்புறம்தான்.

மூன்றாவது, ஐந்தாறு இடத்தில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்து போலக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ அளவுக்கு வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கிணறோ போர்வெல்லோ இருந்தால் ஒரு பாட்டில் தண்ணீரையும் கொடுங்கள். வருகிற தாளில் இரண்டு எண்களை முதலில் பாருங்கள்: கார அமில நிலை, உப்பின் அளவு. எந்த உரம் என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களே தீர்மானித்துவிடும்.

டெல்டா மண் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே மண் இல்லை. பழைய டெல்டா வயல்களில் களி. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் மண்வெட்டியை விடாது. ஆற்றோரப் படுகையில் வண்டலும் மணலும்; திருவையாற்றுப் பக்கம் வாழையும் வெற்றிலையும் நிற்பது அதில்தான். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு கல்லணைக் கால்வாயில் பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண் நிறைய. வேதாரண்யத்துக்குப் போனால் மணலும் உப்புத் தண்ணீரும். பட்டுக்கோட்டைக்காரருக்குப் பலன் தந்த எலும்புத்தூள் உங்கள் மண்ணில் பல வருடம் கரையாமல் அப்படியே கிடக்கலாம். அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது கரைய மண் கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டும். கார அமில நிலை 7.5ஐத் தாண்டிய மண்ணில் அதற்குச் செலவழிக்காதீர்கள். முட்டை ஓட்டுக்கும் இதே கதைதான்.

சரி, இப்போது கடை வரிசைக்கு வருவோம்.

தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். கடலைப் புண்ணாக்கில் 7 சதவீதம், வேப்பம்புண்ணாக்கில் 5 சதவீதம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் இருக்கும் தழைச்சத்துக்கு 14 கிலோ தொழுவுரம் வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் புண்ணாக்கு மட்டும் போதும் என்று முடிவு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். களிமண்ணுக்கு அது பெரிய இழப்பு. தொழுவுரத்தின் வேலை சத்து தருவதோடு முடிவதில்லை. களியைப் பொலபொலவென்று ஆக்கி, மழை நீரை உள்ளே விட்டு, வெயிலில் ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். அதனால் உங்கள் பணத்தில் பெரும்பங்கு மக்கிய தொழுவுரத்துக்கோ இலை மட்குக்கோ போகட்டும். எருவைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். சாண நாற்றமோ சூடோ இருந்தால் இன்னும் இரண்டு மாதம் குவித்து வையுங்கள். கோழி எருவில் சத்து அதிகம், உப்பும் அதிகம். மக்காமல் போட்டால் நாற்று கருகிவிடும்.

மண்புழு உரம் நல்லதுதான். ஆனால் மூட்டையில் வருவதெல்லாம் அது இல்லை. ஒருமுறை நான் வாங்கியதில் பாதி கருமண்ணும் தேங்காய் நார்த்தூளுமாக இருந்தது. அந்தப் போகம் முழுவதும் செடிகள் சோர்ந்தே நின்றன. அதற்குப் பிறகு ஒரு கைப்பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். அடியில் மணல் கனமாகப் படிந்தால் வாங்க மாட்டேன்.

தேங்காய் நார்க்கழிவு 2018 கஜா புயலுக்கு முன்னும் பின்னும் நம் பக்கம் மலிவாகக் கிடைப்பது. அதைப் பச்சையாக மண்ணில் கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். பல முறை அலசி, சாணக் கரைசலில் ஊறவைத்து, நிறம் கறுத்த பிறகு போடலாம். பச்சை உமிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கருக்கிய உமி வேறு. அரிசி ஆலைகளில் கிடைக்கும் அந்தக் கருப்பு உமியில் சத்து சொற்பம், ஆனால் களியை இளக்குவதில் அதை மிஞ்ச எதுவும் நான் பார்க்கவில்லை. பாத்திக்கு இரண்டு கூடை தாராளமாகப் போடலாம்.

வேப்பம்புண்ணாக்கை நான் எந்த மண்ணிலும் போடாமல் விடமாட்டேன். குறிப்பாகப் படுகை மண்ணில் கத்தரி, தக்காளி வேர்களில் நூற்புழு முடிச்சுப் போடும். அங்கே அது உரமாகவும் காவலாகவும் வேலை செய்யும். கையில் நசுக்கினால் எண்ணெய்ப் பிசுக்கும் கசப்பு நெடியும் இருக்க வேண்டும்.

பூவுக்கென்று விற்கும் பாட்டிலை வாங்க வேண்டாம். பூ, காய் நேரத்தில் செடிக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாகத் தேவைப்படுவது உண்மை. அதற்கு நம் ஊரில் வாழை இருக்கிறது. தார் வெட்டிய மரத்தின் மட்டையையும் தண்டையும் துண்டு போட்டு மட்க வைத்துச் செடியைச் சுற்றிப் போட்டால் போதும். புளிப்பான செம்மண்ணாக இருந்தால் சாம்பலே போடலாம், காரமான மண்ணில் மட்டும் வேண்டாம். கடற்பாசிச் சாறு வளர்ச்சியைத் தூண்டும் பொருள்தான், தழையும் மணியும் அதில் பெரிதாக இல்லை. கையில் காசு மிஞ்சினால் வாங்கலாம். பஞ்சகவ்யாவையும் நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன், 10 லிட்டருக்கு 300 மில்லி, 15 நாளுக்கு ஒருமுறை இலைமேல். அதைத் தெளித்துவிட்டு எருவை நிறுத்திவிடக் கூடாது. திரவங்களில் உண்மையாகவே நான் வாங்கிப் போடுவது அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும்; தழைச்சத்தும் மணிச்சத்தும் செடிக்குக் கிடைக்கச் செய்யும் நுண்ணுயிர் உரங்கள் இவை. வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் வைத்ததை வாங்காதீர்கள், எருவில் கலந்து நிழலில் வைத்துப் போடுங்கள்.

அப்புறம், காசு கொடுத்து வாங்கவே தேவையில்லாத உரம் ஒன்றுண்டு: தக்கைப்பூண்டு. சித்திரையில் கொல்லை முழுவதும் விதைத்துவிடுங்கள். 45 நாளில் பூ எடுக்கும்போது வெட்டி மண்ணுக்குள் மடக்குங்கள். காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்துக் கொடுக்கும், களர் உவர் நிலத்திலும் முளைக்கும், களிக்குள் வேர் போய் வழி திறக்கும். 8.6 இருந்த என் மண் மூன்று போகம் தக்கைப்பூண்டும் இலை மட்கும் கண்ட பிறகு 8.1க்கு வந்தது. எண்ணில் சிறிய மாற்றம்தான். ஆனால் குருத்து வெளுப்பது நின்றுவிட்டது. வேலியில் கிளைரிசிடியா என்ற தழை மரத்தை நட்டுவிட்டால் வருடம் முழுவதும் வெட்டிப் போடத் தழை கிடைக்கும். இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மூடாக்கு இதுதான். வைக்கோல் நம் ஊரில் கிடைக்கும். செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

தக்காளியின் அடி கறுத்து அழுகினால் சுண்ணாம்புச்சத்து போடச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். நம் பக்கத்துக் களிமண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறது. ஒருநாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது. மூடாக்குப் போட்டுத் தண்ணீரைச் சீராக விட்டாலே அடுத்த கொத்துக் காய்கள் நன்றாக வரும்.

உங்கள் மண் கார அமில நிலை 8க்குக் கீழே, உப்பு இல்லாமல், தண்ணீர் வடிகிற மண்ணாக இருந்தால் நான் வாங்குவது இவ்வளவுதான்: 100 கிலோ மக்கிய தொழுவுரம், 3 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 3 கிலோ கடலைப் புண்ணாக்கு. நடுவதற்கு 15 நாள் முன்பு குழிக்கு இரண்டு கிலோ எருவும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஈரமாக வையுங்கள். மிச்ச எருவை ஒரு மாதம் கழித்து மேலே போடலாம். நட்ட 25ஆம் நாளிலிருந்து, அரைக்கிலோ கடலைப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் 3 நாள் ஊறவைத்து, 40 லிட்டராக்கி, செடிக்கு ஒரு லிட்டர் வீதம் 15 நாளுக்கு ஒருமுறை. கட்டியாகப் புண்ணாக்கை வேரடியில் புதைக்காதீர்கள். எறும்பும் பூஞ்சையும் வரும், சூட்டில் வேர் வெந்துவிடும்.

ஆடியில் தொடங்கினால் செடி காய்க்கும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து எருவைக் கரைத்துக்கொண்டு போகும். களிமண் கொல்லைக்கு முதல் போகமாகத் தைப்பட்டத்தையே நான் சொல்வேன். அதுவரை பாத்தியை ஓரடி உயர்த்தி, கருக்கிய உமி கலந்து, மூடாக்குப் போட்டு வைத்திருங்கள். பரிசோதனைத் தாள் வந்ததும் அந்த இரண்டு எண்களை இங்கேயே கீழே எழுதுங்கள், பார்த்துவிட்டு அளவை மாற்றிச் சொல்கிறேன்.