“நான் குடுக்கலப்பா, அவன் போனான்”

கேள்வி: வியாசர்பாடி இளைஞர்கள் நடத்திய போர்க்கால நாடகத்தைச் சென்ற இதழில் பாராட்டியிருந்தீர்கள். நேதாஜியின் படையில் சேர்ந்து உயிரிழந்த மகனுக்காகத் தனக்குப் போர்த்த வந்த பொன்னாடையை ஒரு தாய் மறுத்து, “நான் குடுக்கலப்பா, அவன் போனான்” என்று சொல்வது தியாகத்தைக் கொச்சைப்படுத்துவது ஆகாதா? ஒரே மகனையும் போர்க்களத்துக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயைப் பெற்ற மண்ணில், இதைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டலாம் என்று நீங்கள் எழுதியது முறைதானா?
– வாசகர் ஒருவர், ராயபுரம்.

பதில்: கொச்சைப்படுத்துவது ஆகாது. அந்த மேடையில் தியாகத்தைப் பற்றி முழு உண்மையையும் பேசியவள் அவள் ஒருத்திதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நாடகத்தில் அவள் மகன் பர்மாவின் ரங்கூனில் வளர்ந்தவன். பதினேழு வயதில் வீட்டில் சொல்லாமல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவன். 1944 மார்ச்சில் இம்பாலை நோக்கிப் புறப்பட்ட அந்தப் படை ஜூலையில் பின்வாங்கியபோது மழைக்காலம் உச்சத்தில் இருந்தது. பர்மாவின் சிந்த்வின் ஆறு பெருகிக் கிடந்தது. அரிசி இல்லை, மருந்து இல்லை. அந்தப் படையில் குண்டடிபட்டு இறந்தவர்களைவிடப் பசியாலும் மலேரியாவாலும் சீதபேதியாலும் இறந்தவர்களே அதிகம். எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் நம்மவர்களே இருந்தார்கள். அங்கே ஒருவர் இறந்தால் அவர் வீட்டுக்குத் தகவல் போயிற்று. நேதாஜி அமைத்த தற்காலிக அரசின் சார்பில் போரிட்டவன் இவன்; அந்த அரசே மறு ஆண்டில் இல்லாமல் போனதால், இவன் இறந்தான் என்று தாய்க்கு எழுதிச் சொல்லவும் ஆளில்லை. உடன் போய்த் திரும்பியவன் ஒருவன், ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் இவனைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே செய்தி.

பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆக்கப்பட்ட பின், 1964 முதல் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. அவற்றுள் ஒன்றாக வந்து வியாசர்பாடியில் குடிசை போட்டவள் அவள். 1972-இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டு வந்தபோது, நேதாஜியின் படையினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அது நல்ல திட்டம். ஆனால் சிறையில் இருந்ததற்குச் சான்று, உடன் சிறையில் இருந்தவரின் சான்று, அரசு ஆவணம் என்று ஏதாவது ஒரு காகிதம் வேண்டும். சிறைக்கே போகாமல் காட்டில் இறந்தவனுக்கு யார் சான்று கொடுப்பார்? நாடகத்தில் அவள் மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். “இறந்த இடம்” என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று எழுத்தர் கேட்கும்போது, “ஆத்தங்கரை, ஒரு மரம்னு எழுதுங்க” என்கிறாள். எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். என் அருகில் இருந்த முதியவர், பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், அந்த இடத்தில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

இதற்குப் பிறகுதான் அந்தப் பொன்னாடை வருகிறது. அதுவரை அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் சுதந்திர தினத்தன்று மாலையும் ஒலிபெருக்கியுமாக வந்து, “நாட்டுக்கு மகனைக் கொடுத்த தாயே” என்று விளிக்கிறார்கள். அவன் போனது தவறு என்று அவள் நாடகம் முழுவதிலும் ஓரிடத்திலும் சொல்லவில்லை; நேதாஜியைக் குறை சொல்லவில்லை. தன்னிடம் கேட்கப்படாத ஒன்றைத் தான் மனமுவந்து கொடுத்ததாக ஊர் சொல்லும்போது, அந்தப் புகழை ஏற்க மறுக்கிறாள். போகும் முடிவை எடுத்தவன் அவன், பெருமையும் அவனுடையது. அவளுக்கு மிஞ்சியது இழப்பு, அதை இழப்பாகவே வைத்துக்கொள்ளும் உரிமையைத்தான் அவள் கேட்கிறாள். இதில் நாட்டுக்கு என்ன இழுக்கு வந்தது?

புறநானூற்றை நீங்களே இழுத்துவிட்டதால் அதையும் பார்த்துவிடுவோம். நீங்கள் சொல்வது ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் பாட்டு. அதை மேடையில் முழங்குகிறவர்கள், அந்தத் தாய் மகனை அனுப்பினாள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அனுப்புவதற்கு முன் அந்தச் சிறுவனின் பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி விடுகிறாள், வெள்ளுடை உடுத்துகிறாள், வேலைக் கையில் கொடுக்கிறாள். முந்தைய போர்களில் தமையனையும் கணவனையும் பறிகொடுத்தவள், இவனை விட்டால் வேறு பிள்ளை இல்லாதவள் என்பதையும் மாசாத்தியார் சொல்லாமல் விடவில்லை. துணிவைக் கண்டு வியக்கும் அதே பாட்டு, அந்த வீடு கொடுத்த விலையையும் வரிவரியாகக் கணக்கெடுக்கிறது. அதே நூலில் 255-ஆம் பாட்டையும் படியுங்கள். இறந்து கிடக்கும் கணவனைக் கண்ட ஒரு பெண், ஓவென்று அழுதால் புலி வந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள். தூக்கிச் செல்லலாம் என்றால் அவனுடைய அகன்ற மார்பு அவள் கைக்கு அடங்கவில்லை. வன்பரணர் இதைப் பாடியதால் தமிழர் வீரம் குறைந்துவிட்டதாக எவரும் சொன்னதில்லை.

நாடகத்தில் குறை இல்லாமல் இல்லை. படையில் ஆள் சேர்க்கும் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது. எழுத்தரை இன்னும் சற்றுக் கருணையோடு எழுதியிருக்கலாம், ஏனென்றால் விதியை வகுத்தவர் அவர் அல்லர். பள்ளிகளில் காட்டலாம் என்ற என் பரிந்துரையில் மட்டும் மாற்றமில்லை. பதினேழு வயதில் ரங்கூனிலிருந்து புறப்பட்ட அந்தப் பையனின் வயதுதான் நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும். நாளை அவர்களில் சிலர் ராணுவத்தில் சேரலாம், சேரட்டும்; வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சேரட்டும்.