மார்கழி வந்தால் தும்மும் நாய்: செட்டிரிசின் கொடுக்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சி அருகே தோப்பு வீட்டில் வசிக்கிறோம். எங்கள் லேப்ரடார் ஆண் நாய்க்கு மூன்று வயது. சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் ஐப்பசி மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரை அடிக்கடி தும்முகிறது; மூக்கில் தண்ணீர் போல வடிகிறது. பாதங்களையும் ஓயாமல் நக்குகிறது. எனக்கும் இதே மாதங்களில் தும்மல் உண்டு. நான் சாப்பிடும் செட்டிரிசின் மாத்திரையை அதற்கும் கொடுக்கலாமா?

பதில்: தும்மலை முதலில் எழுதிவிட்டு, பாதம் நக்குவதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. பருவகால ஒவ்வாமை மனிதர்களுக்கு மூக்கிலும் கண்ணிலும் தெரியும். நாய்களுக்கோ பெரும்பாலும் தோலில்தான் தெரியும். மகரந்தம், பூஞ்சை வித்து, வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணி ஆகியவற்றின் புரதங்கள் தோலின் வழியே உள்ளே புகுந்து, அங்குள்ள எதிர்ப்பு அணுக்களைத் தூண்டி அரிப்பை உண்டாக்குகின்றன. இத்துடன் தும்மலும் சேர்ந்து வரலாம். ஆனால் அரிப்பே இல்லாமல் தும்மல் மட்டும் வாரக்கணக்கில் நீடித்தால், அதை ஒவ்வாமை என்று சொல்ல நான் தயங்குவேன்.

ஆகவே, நல்ல பகல் வெளிச்சத்தில் நாயைப் படுக்க வைத்து, முன்னங்கால் விரல்களை மெதுவாக விரித்துப் பாருங்கள். விரலிடுக்கில் தோல் சிவந்து ஈரமாக இருக்கிறதா, வெளிர்நிற மயிராக இருந்தால் எச்சில் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருக்கிறதா, முகர்ந்தால் புளித்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியே காது மடலின் உட்புறம், அக்குள், அடிவயிறு, தொடையிடுக்கு ஆகிய இடங்களையும் பார்த்துவிடுங்கள். இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். உங்கள் நாயின் வயதும், இரண்டு ஆண்டுகளாக அதே மாதங்களில் தொல்லை திரும்ப வருவதும் இதற்குப் பொருந்துகின்றன. மழைக்குப் பிறகு வரப்பிலும் சாலையோரத்திலும் பார்த்தீனியமும் புல்வகைகளும் பூத்துக் கிடக்கும் காலம் அது.

இருப்பினும், தும்மலுக்கான காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். பனிக்காகக் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, நாய் படுத்திருக்கும் அறையிலேயே கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்து, காலையில் சாம்பிராணியும் போட்டுவிட்டு, பழியைப் பார்த்தீனியத்தின் மேல் போடும் வீடுகள் பல உண்டு. புகையும் ஃபினாயில் நெடியும் ஒவ்வாமை இல்லாத நாயின் மூக்கையும் எரிச்சலூட்டித் தும்ம வைக்கும். ஒரு வாரம் இவற்றை நிறுத்திப் பார்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

ஒவ்வாமை என்று எண்ணி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத நிலைகள் சில இருக்கின்றன. புல்வெளியில் ஓடிவிட்டு வந்ததும் திடீரென விடாமல் தும்மி, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்தால், புல்லின் ஊசி போன்ற விதை உள்ளே சிக்கியிருக்கலாம். மலையோர ஓடைகளில் தண்ணீர் குடிக்கும் நாய்களுக்கு மூக்கினுள் அட்டை புகுந்துவிடுவதும் உண்டு. ஒரே பக்க மூக்கில் சீழ் வடிந்தால் மேல்வரிசைப் பல்லின் வேரில் தொற்று, பூஞ்சைத் தொற்று, வயதான நாயாக இருந்தால் கட்டி என்று பலவற்றை யோசிக்க வேண்டும். மூக்கில் இரத்தம் வந்தால், நம் பகுதியில் உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலை முதலில் சந்தேகிப்பேன். அந்நோயில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் இரத்தம் ஒழுகும் என்பதால், அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தடுப்பூசி போடாத நாய்க்குக் காய்ச்சலும், கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான ஒழுக்கும் சேர்ந்து வந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கக்கூடும். கழுத்தை நீட்டியபடி மூச்சை உள்ளே இழுத்து இழுத்துக் கனைப்பது போன்ற ஒலி எழுப்பி, ஒரு நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுவது தும்மல் அன்று. எப்போதாவது வந்தால் அதற்கு மருந்து தேவையில்லை.

செட்டிரிசின் விஷயத்துக்கு வருகிறேன். தனி செட்டிரிசினை நாய்களுக்கு நாங்களும் எழுதித் தருவதுண்டு. அளவை எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஆனால் நாய்களின் அரிப்புக்கு அது தரும் பலன் பெரும்பாலும் சொற்பமே. என் கவலை வேறு. மருந்துக் கடையில் சளிக்கு என்று கேட்டால் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில் செட்டிரிசினுடன் பாராசிட்டமாலும், மூக்கடைப்பு நீக்கும் ஃபினைல்எஃப்ரினும் கலந்திருக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலைப் பாதிக்கும். மூக்கடைப்பு நீக்கும் மருந்துகள் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தாறுமாறாக்கும். மனிதர்களுக்கான மூக்குச் சொட்டு மருந்தையும் இதே காரணத்தால் நாய்க்கு விடக் கூடாது. எனவே உங்கள் அட்டையிலிருந்து நீங்களாகவே ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வாமைதான் என்று உறுதியானால், அரிப்பை விரைவாக அடக்க ஓக்லாசிடினிப் மாத்திரையும் லோகிவெட்மாப் ஊசியும் இருக்கின்றன. இரண்டும் விலை கூடியவை. ஸ்டீராய்டு வகை மருந்தான பிரட்னிசோலோன் மலிவு, வேகமாகவும் கேட்கும். ஆனால் தாகம், பசி, சிறுநீர் எல்லாம் அதிகரிக்கும் என்பதால் அதைக் குறுகிய காலத்துக்கு மட்டுமே கொடுத்து, மருத்துவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். அதற்கு முன் தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் மருந்து கொடுத்து அவற்றை ஒழிப்பது கட்டாயம். அவை இருக்கும்வரை எந்த மருந்தும் முழுப் பலன் தராது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, வெளியே போய் வந்ததும் நான்கு பாதங்களையும் அடிவயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைப்பதுதான். வாரம் ஒருமுறை நாய்களுக்கான ஷாம்பூவால் குளிப்பாட்டலாம். நாம் போடும் சோப்பு அதன் தோலை வறட்டிவிடும். படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காய வையுங்கள்.

இந்த வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தும்மலையும் பாதம் நக்குவதையும் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொண்டு போனால், தும்மல் எவ்வகை என்பதை அவர் நேரில் பார்த்தது போலக் கண்டுகொள்வார். போவதற்கு முந்தைய இரண்டு நாள்கள் காதைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடுங்கள். காது அழுக்கையும் விரலிடுக்கு ஈரத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தால், ஈஸ்ட் தொற்றும் சேர்ந்திருக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.