வளவைத் தாண்டாத வைஃபை

தொலைபேசித் துறையில் 31 வருடம் கம்பத்திலும் கேபிள் குழியிலும் காலம் தள்ளி, 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். வீட்டு நெட் பிரச்சினை எதுவாக இருந்தாலும் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை, வைஃபையைத் தூரத்துக்கு நீட்டித் தரும் எக்ஸ்டெண்டர் பெட்டியைப் பற்றிய புலம்பல்.

கேள்வி: ஐயா, எங்களுடையது கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையன் முகப்பிலேயே, கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில், மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டான். வளவு, அதாவது நடுமுற்றம், வரைக்கும் நெட் வருகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டில் கால் வைத்தால் போய்விடுகிறது. பொங்கலுக்கு மகனும் மருமகளும் சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு மாதம் இங்கிருந்தே வேலை பார்க்கப் போகிறார்கள். 1,800 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி அடுப்படியை ஒட்டிய அறையில் சொருகினேன். போனில் கோடெல்லாம் முழுசாக நிற்கிறது, படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்டி கெட்டுவிட்டதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, கானாடுகாத்தான்

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள் அம்மா. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. சொருகின இடம்தான் தப்பு.

ஆபரேட்டர் மூலமாக வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் பார்த்த தலைமுறை நீங்கள் என்று நினைக்கிறேன். லைன் மோசமாக இருந்தால் நடுவில் இருக்கும் ஆபரேட்டர் அம்மா குறுக்கே வந்து, "நாளைக்கு ரயில்ல வர்றாராம்" என்று திருப்பிச் சொல்வார். எக்ஸ்டெண்டர் அந்த ஆபரேட்டர்தான். சொந்தமாக அதனிடம் நெட் கிடையாது. மோடம் சொல்வதைக் கேட்டு உங்கள் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது. ஆபரேட்டருக்கே அந்தப் பக்கம் கேட்கவில்லை என்றால் உங்களுக்கு எதைச் சொல்வார்? "ஹலோ, ஹலோ" என்பதைத் தவிர?

போனில் நிற்கும் கோடுகள் உங்களுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையே உள்ள சிக்னலை மட்டும் காட்டுகின்றன. எக்ஸ்டெண்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது போனுக்குத் தெரியாது. நெட் வராத இடத்தில் வைத்தால்தானே நெட் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முப்பது வருடம் லைன் பார்த்த நானே அதைத்தான் செய்தேன். மகள் அறையில் சிக்னல் இல்லை என்று அவள் கட்டில் தலைமாட்டிலேயே ஒன்றைச் சொருகிவிட்டு, இரண்டு நாள் சர்வீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வீட்டைப் பெருக்கவந்த அம்மா, துடைப்பத்துக்கு வழி வேண்டும் என்று அதைப் பிடுங்கி ஹால் சுவரில் சொருகினார். அன்று மாலையிலிருந்து எல்லாம் ஓடுகிறது. அந்த அம்மாவிடம் இன்னும் காரணத்தைச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். எக்ஸ்டெண்டரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பேத்தியோ பக்கத்து வீட்டுப் பையனோ ஒருவருக்கு வீடியோ கால் போட்டு, மோடத்தின் வைஃபையிலேயே பேசிக்கொண்டு, முகப்பிலிருந்து உள்ளே நடங்கள். முகம் தெளிவாகத் தெரிகிற கடைசி இடம் எதுவோ, அதிலிருந்து நாலடி மோடத்தின் பக்கமாகத்தான் எக்ஸ்டெண்டருக்கு இடம். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் வைஃபை அனலைசர் என்று தேடி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். மைனஸ் போட்டு ஒரு எண் காட்டும். மைனஸ் 50 என்றால் பிரமாதம். 60-க்கும் 65-க்கும் நடுவில் எக்ஸ்டெண்டரை வைக்கலாம். 70-ஐத் தாண்டினால் வேண்டாம். 80 என்றால் அது வெறும் அலங்கார விளக்கு. 60-க்கும் 70-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று எண்ணாதீர்கள், அந்தப் பத்தில் சிக்னலின் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

உங்கள் வீட்டில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கட்டினவர்கள் முன்வாசல், வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் எல்லாவற்றையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்திருப்பார்கள். முகப்பில் நின்றால் பின்தெரு தெரியும். கண் போகிற வழியில் சிக்னலும் போகும். செங்கல்லும் சுண்ணாம்புமாக அத்தனை கனமான சுவரை அது துளைக்கத் திணறும். திறந்த கதவு வழியாகச் சிரமமில்லாமல் போய்விடும், தேக்குக் கதவைச் சாத்தினால்கூடச் சுவரைவிடத் தேவலை. ஆகவே மோடம் அந்தக் கோட்டை விட்டு மூலையில் இருந்தால் முதலில் அதைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். எக்ஸ்டெண்டருக்கு வளவின் பின்பக்கத் தாழ்வாரம், இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைப்படி ஓரம். வளவுக்கு மேலே வானம் திறந்திருப்பதால் சாரல் அடிக்காத பக்கமாகப் பாருங்கள்.

பிளக் பாயிண்ட் தரையோரத்தில், அதுவும் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாங்கி ஆள் தோள் உயரத்துக்கு மாட்டிக்கொள்ளுங்கள். பித்தளையும் எவர்சில்வரும் அடுக்கின பாத்திர அறைப் பக்கம் போகவே வேண்டாம், உலோகம் சிக்னலைத் திருப்பி அடிக்கும். சுவரில் பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் அதன் பின்பூச்சும் உலோகம்தான்.

இனி அமைக்கிற வேலை. இதை மோடம் இருக்கும் முகப்பிலேயே உட்கார்ந்து செய்யுங்கள். முதல் சேர்க்கை பக்கத்தில் நடக்கட்டும், பிறகு இடம் மாற்றலாம், அமைப்பு அழிந்துபோகாது. எக்ஸ்டெண்டரைச் சொருகி, பவர் விளக்கு நிலையாக நிற்கும் வரை பொறுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறந்துதான் பாதிப் பேர் எனக்கு எழுதுகிறார்கள். எக்ஸ்டெண்டரின் வைஃபையில் அப்போதைக்கு நெட் இருக்காது. போன் "இதில் இணையம் இல்லை" என்று தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும், செட்டிங் பக்கம் திறக்காது. டேட்டாவை அணைத்த பிறகு, வைஃபை பட்டியலில் எக்ஸ்டெண்டரின் பெயரைத் தொட்டு, பெட்டியின் பின்னால் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். முதலில் ஒரு புது பாஸ்வேர்டு கேட்கும், அது எக்ஸ்டெண்டரைத் திறக்கும் சாவி. வீட்டு வைஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் ஒரே நோட்டில், தனித்தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் பட்டியலில் உங்கள் வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்து அதன் பாஸ்வேர்டைப் போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்து. தப்பாகப் போட்டாலும் சில பெட்டிகள் சொல்லாது, சிவப்பு விளக்கோடு சும்மா இருக்கும். குழம்பிவிட்டால் ஓரத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஊக்கால் பத்து விநாடி அழுத்துங்கள், கடையில் வாங்கின நிலைக்குத் திரும்பிவிடும்.

பட்டியலில் உங்கள் வைஃபை இரண்டு பெயரில் தெரியலாம், ஒன்றில் 5 ஜி என்று வால் இருக்கும். அது செல்போன் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் அதிகம், சுவர் தாண்டும் தெம்பு குறைவு. வால் இல்லாத இன்னொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், உங்கள் வீட்டுச் சுவருக்கு அதுதான் தாங்கும். இரண்டையும் பிடிக்கிற எக்ஸ்டெண்டராக இருந்து, மோடமும் அதுவும் கதவு வழியாக நேருக்கு நேர் இருந்தால் 5-ஐ முயன்று பாருங்கள்.

இதெல்லாம் நீங்கள் பேரக்குழந்தைகளைப் பார்த்துப் பேசுவதற்குப் போதும். ஆனால் இரண்டு பேர் ஒரு மாதம், ஒரே நேரத்தில் மீட்டிங் என்றால் நான் எக்ஸ்டெண்டரை நம்பமாட்டேன். கேட் 6 கேபிள் ஒன்றை மோடத்திலிருந்து இரண்டாம் கட்டுக்கு இழுத்து, அங்கே ஒரு சாதாரண ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக, வைக்கச் சொல்லுங்கள். 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும், உங்கள் வீடு அதற்குள் அடங்கும். எலக்ட்ரீஷியன் டிரில் மெஷினோடு வந்தால் காப்பி கொடுத்து உட்கார வையுங்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சைக் குடைந்தால் திரும்பப் பூச இன்று ஆள் தேட வேண்டும். நிலைக்கு மேலே காற்றுச் சந்து இருக்கும், அது வழியாகவே இழுக்கலாம்.

கேள்வி: சார், 100 எம்பிபிஎஸ் பிளான். மோடம் பக்கத்தில் 95 வருகிறது. எக்ஸ்டெண்டர் பக்கத்தில் 40-ஐத் தாண்டவில்லை. பெட்டியில் 'ஏசி 1200' என்று போட்டிருக்கிறது. 1200 எங்கே போயிற்று?
— ஐ.டி. ஊழியர், வேளச்சேரி

பதில்: தம்பி, 1200 என்பது கூட்டல் கணக்கு. 2.4-இல் 300, 5-இல் 867, கூட்டி ஏறக்குறைய 1200. அதுவும் காகிதத்தில் மட்டும் இருக்கும் வேகம், உங்கள் கைக்கு வருவது அதைவிட எப்போதும் குறைவு. மேலே சொன்ன ஆபரேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் வேண்டும் என்றால் அவர் கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. பாதி நேரம் கேட்பதிலேயே போய்விடும். 95 உங்களிடம் 40 ஆனது அப்படித்தான், அது பழுதில்லை.

இரண்டு வழி. மோடத்தோடு 5-இலும், உங்கள் சாதனங்களோடு 2.4-இலும் பேசும்படி செட்டிங்கில் பிரித்துவிடலாம். அபார்ட்மெண்டில் 2.4 சந்தைக்கடை மாதிரி இருக்கும் என்பதால் பெரிய லாபம் இராது. அடுத்தது கேபிள். எக்ஸ்டெண்டரின் அடியில் லேன் ஓட்டை இருந்தால், மோடத்திலிருந்து கேபிள் கொண்டுபோய்ச் சொருகி, செட்டிங்கில் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள். பாதிக் கணக்கு அதோடு ஒழிந்தது. அந்த ஓட்டை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாத 10/100 வகையாக இருந்தாலும் 94, 95 கிடைக்கும், உங்கள் பிளானுக்கு அது போதும். பழைய ரவுட்டரை எடுத்து இதே வேலைக்கு வைப்பதானால் அதில் டிஹெச்சிபியை, அதாவது ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரி எண் கொடுக்கும் வேலையை, அணைக்க மறக்காதீர்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் ரேஷன் டோக்கன் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

கேபிள் இழுக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்பீர்கள். வேளச்சேரி வீட்டுக்காரர்கள் ஆணி அடித்தாலே அட்வான்ஸில் கழிப்பார்கள் என்று என் தம்பி மகனும் சொல்கிறான். ஸ்கர்ட்டிங் ஓரமாக வெள்ளை கேசிங் ஒட்டலாம், ஆணியே வேண்டாம்.

கேள்வி: டபிள்யூ.பி.எஸ். பட்டனை அழுத்தினால் தானாகச் சேரும் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டிலும் அழுத்தி அழுத்தி விரல்தான் வலிக்கிறது.
— தையல் கடை நடத்துபவர், தேனி

பதில்: மோடத்தில் அழுத்தின பிறகு இரண்டு நிமிடத்துக்குள் எக்ஸ்டெண்டரில் அழுத்த வேண்டும், அந்த அவகாசம் அவ்வளவுதான். அப்படியும் சேரவில்லை என்றால் மோடத்தின் பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ. 3 என்று இருக்கிறதா பாருங்கள். அதில் இந்தப் பட்டன் வேலை செய்யாது. மேலே கானாடுகாத்தான் அம்மாவுக்குச் சொன்னபடி பிரவுசர் வழியாகவே சேர்த்துவிடுங்கள் அக்கா. சொல்லப்போனால், சேர்ந்த பிறகு அந்தப் பட்டன் வசதியை மோடத்தில் அணைத்துவைப்பதே நல்லது. கடைக்கு வருகிற யாரும் ஒரு தட்டில் உங்கள் நெட்டுக்குள் வரலாம் என்பது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு.

கேள்வி: தோப்பு வீட்டில் ஃபைபர் இருக்கிறது. 150 மீட்டர் தள்ளி மோட்டார் ரூமில் கேமரா வைக்க வேண்டும். நடுவில் எத்தனை எக்ஸ்டெண்டர் வைக்கலாம்?
— தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: ஒன்றுகூட வேண்டாம் அண்ணா. ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று தொடுத்தால் ஒவ்வொரு தாவலிலும் பாதி கழியும். மழையில் நனைந்த ஓலை சிக்னலைக் குடித்துவிடும், வெயில் காலத்தில் நன்றாக இருந்தது ஐப்பசியில் படுத்துவிடும். செம்புக் கேபிளும் 100 மீட்டரோடு சரி. போதாததற்கு, திறந்த வெளியில் செம்பை இழுத்தால் இடி சீசனில் இரண்டு பக்கப் பெட்டியும் ஒரே நாளில் போகும். ஒரு மின்னலுக்குப் பிறகு எக்ஸ்சேஞ்சில் கருகிப்போன கார்டுகளைக் கழற்றிய ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு.

மோட்டார் ரூம் வரைக்கும் பைப்பில் ஃபைபரே புதைத்துவிடுங்கள், இரண்டு முனையிலும், ஃபைபரில் வரும் ஒளியைச் சாதாரண கேபிள் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர். ஃபைபர் கண்ணாடி, உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்கினால் மின்னலுக்கு அதில் வழி கிடையாது. தோண்ட முடியாது என்றால், இரண்டு கட்டடத்துக் கூரையிலும் ஒன்றையொன்று பார்க்கும்படி வெளிப்புற ஆன்டெனா ஜோடி. நடுவில் மட்டை குறுக்கே வராத உயரம் வேண்டும்.

கேள்வி: எக்ஸ்டெண்டரை ராத்திரி அணைத்து வைத்தால் கெட்டுப்போகுமா? கரண்ட் பில் என்ன ஆகும்?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: கெடாது, தாராளமாக அணையுங்கள். 6 வாட் எடுக்கும் பெட்டியை மாதம் முழுக்க விடாமல் ஓட்டினால் 4 யூனிட் சொச்சம். காலையில் போட்டதும் மோடத்தைத் தேடிப் பிடிக்க ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகாதீர்கள். கரண்ட் போகும்போது மோடம் இன்வெர்ட்டரிலும் எக்ஸ்டெண்டர் நேர் கரண்டிலும் இருந்தால் மோடம் ஓடும், எக்ஸ்டெண்டர் மட்டும் நின்றுவிடும். நெட் போய்விட்டது என்று கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் எது எந்த லைனில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா.