கண்டெய்னர் கூரை சொட்டுகிறதா? தகரம் போர்த்துவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அண்ணாச்சி, பத்தமடையில் நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து கோரைப்பாய் நெய்கிறோம். பாய்களையும் காய்ந்த கோரையையும் வைக்க, இரண்டு வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் ஒரு புரோக்கர் மூலமாக 20 அடி பழைய கண்டெய்னர் வாங்கினோம். வீட்டுப் பின்புறம் மண்தரையிலேயே இறக்கி வைத்திருக்கிறோம். போன ஐப்பசியிலிருந்து உள்ளே கூரையில் தண்ணீர் சொட்டுகிறது. மேலடுக்குப் பாய்கள் எல்லாவற்றிலும் கரும்புள்ளி விழுந்துவிட்டது. கூரைமேல் முழுசாகப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடிக்கலாம் என்கிறார் வெல்டர். தார் ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர். புரோக்கரோ, இதை எடுத்துக்கொண்டு சர்டிபிகேட் உள்ள வேறு பெட்டி தருகிறேன், மேலே பணம் கொடுங்கள் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: மூன்றையும் இப்போது செய்யாதீர்கள். முப்பது வருஷம் தூத்துக்குடியில் கண்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டுகளில் வேலை பார்த்தவன் நான். கூரை சொட்டுகிறது என்று வந்த பெட்டிகளில் ஓட்டையே இல்லாதவை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். மழை பெய்யும்போது சொட்டுகிறதா, மழையே இல்லாத இரவு கழிந்து விடியற்காலையிலும் சொட்டுகிறதா?

சோற்றுப்பானை மூடியைத் திருப்பிப் பார்த்தால் முத்து முத்தாக நீர் நிற்கும் இல்லையா, உங்கள் கூரையில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான். கோரை கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். பகல் வெயிலில் பெட்டி சூடாகிறபோது அந்த ஈரம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் 2 மில்லிமீட்டர் இரும்புக் கூரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆவி அதில் பட்டு, நீராகிச் சொட்டும். மண்தரையில் பெட்டியை வைத்திருக்கிறீர்கள், அந்த ஈரமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கப்பல்காரர்கள் இதைக் கண்டெய்னர் மழை என்பார்கள். நல்ல புதுப் பெட்டியிலும் இது வரும்.

அடையாளம் எளிது. கூரை இப்படி வியர்க்கிறது என்றால் முழுக்கப் பரவலாக நீர் கோத்து நிற்கும், பல இடத்தில் சொட்டும், நீர் தெளிவாக இருக்கும். ஓட்டை என்றால் ஒன்றிரண்டு இடத்தில்தான் சொட்டும், மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் தொடரும், சுவரில் துருக்கோடு பழுப்பாக இறங்கியிருக்கும். மேலடுக்குப் பாய்கள் எல்லாவற்றிலும் புள்ளி விழுந்தது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வியர்வை மேல்தான் சந்தேகம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். உச்சிவெயிலில் பாய்களை வெளியே எடுத்துவிட்டு ஒருவர் உள்ளே போக, கதவை இறுகச் சாத்த வேண்டும். கண்டெய்னர் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. அதனால் வெளியே ஒரு ஆள் கதவைவிட்டு நகராமல் நிற்க வேண்டும். பிள்ளைகளை உள்ளே அனுப்பவே கூடாது. இருட்டில் இரண்டு நிமிஷம் கண் பழகியதும் ஊசி முனை அளவு ஓட்டைகூட நட்சத்திரம் மாதிரி தெரியும். அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கூரைத் தகடு பக்கச் சட்டத்தோடு சேரும் வெல்டிங் கோடு, நான்கு மூலைகளின் பக்கம், கதவின் மேல்சட்டம், இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள். மூலைப் பக்கம் எப்போதும் அடி வாங்கிய இடம். கிரேன் தூக்குச்சட்டம் குறி தவறி இறங்குவது அங்கேதான். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் மழை கதவுப் பக்கமாக அடிக்கிறபோது தண்ணீர் உள்ளே வரும். கூரையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, ரப்பரை மாற்றினால் போதும்.

வெளிச்சம் எங்குமே தெரியவில்லை, கதவு ரப்பரும் நன்றாக இருக்கிறது என்றால் வெல்டருக்கு வேலையே இல்லை. பெட்டியை மண்ணிலிருந்து தூக்குங்கள். கண்டெய்னரின் பாரம் முழுவதையும் தாங்குவது நான்கு மூலைகள்தான், அதனால் அந்த நான்கின் கீழும் காங்கிரீட் கட்டை கொடுத்தால் போதும். ஒரு முழ உயரமாவது இருக்கட்டும், அடியில் காற்று ஓடட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம் பக்கத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அப்புறம் கூரைக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு, தனிக் கால்கள் நட்டு, தென்னங்கீற்றிலோ பனையோலையிலோ ஒரு பந்தல் போடுங்கள். பகல் சூடும் குறையும், இரவுக் குளிரும் நேரே இறங்காது. ஓலையைக் கூரைமேல் நேராகப் பரப்பாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். பக்கச் சுவரில் மேலே இருக்கும் சின்ன வென்ட் டப்பாக்களை நம்ப வேண்டாம், அவை காற்றழுத்தத்தைச் சமன் செய்ய வைத்தவை, பாய் காய வைக்கப் போதாது. வெயில் நாளில் மத்தியானம் கதவைத் திறந்து வையுங்கள், மழை நாளில் சாத்தி வையுங்கள். பாய்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள். தரைப்பலகையில் நேராக வேண்டாம். பழைய கண்டெய்னர்களின் 28 மில்லிமீட்டர் பிளைவுட் தரைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், மனிதர்கள் படுக்கும் பாய் அதில் கிடக்கக் கூடாது.

ஓட்டை இருக்கிறது என்றால்தான் வெல்டர். அவர் சொல்லும் முழுத் தகரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்டெய்னர் கூரை சும்மா தட்டையான தகரம் இல்லை. மடிப்பு மடிப்பாக அழுத்தி, நடுவில் லேசாக உயர்த்தி, தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும்படி செய்தது. அதன்மேல் தட்டைத் தகரத்தைப் போர்த்தி அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் டேக் வெல்டிங் அடித்தால், மடிப்புப் பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் இரண்டு தகட்டுக்கும் நடுவில் போய் உட்காரும். அது காயவே காயாது. மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே பழைய தகடு சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும். சில மழைக்காலம் கழித்து உள்ளே உதிர ஆரம்பிக்கும்போது வெல்டரைத் தேடினால் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். துருவை மூடுகிற வேலைக்குப் பழுதுபார்ப்பு என்று பெயர் சொல்லிப் பணம் வாங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தாரும் அப்படித்தான். வெயிலில் வெடித்து, வெடிப்பில் நீர் புகும். தார் பூசிய இடத்தில் பின்னால் யாரும் ஒழுங்காக வெல்டிங் வைக்கவும் முடியாது.

சரியான வேலை இது. துருப்பிடித்த இடத்தைச் சுற்றி நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். பழைய மடிப்புக்கு ஏற்ப மடித்த 2 மில்லிமீட்டர் தகட்டை வெட்டிய இடத்தில் பொருத்தி, சுற்றிலும் இடைவெளி விடாமல் ஒரே கோடாக வெல்டிங் அடிக்க வேண்டும். பெட்டிகள் கார்ட்டன் ஸ்டீல் என்ற, செம்பும் குரோமியமும் சிறிது கலந்த இரும்பில் செய்யப்படுகின்றன. அதன் முதல் துரு இறுகி, அடுத்த துருவைத் தடுக்கும் என்பார்கள். உப்புக்காற்றில் அந்தக் குணம் சரியாக வேலை செய்யாது, தூத்துக்குடியில் வருஷக்கணக்காக நின்ற பெட்டிகளில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு கிடைத்தாலும் போதும், அதற்குப் பூச்சு ஒழுங்காக இருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, கிரைண்டரோ வயர் பிரஷோ வைத்துத் துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர், அதன்மேல் பெயின்ட். இதில் பத்தில் ஒன்பது பேர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மேலே வெல்டிங் அடிக்கும்போது அதே கோட்டின் அடியில், உள்கூரையில் பெயின்ட் எரிந்துவிடும். அதை யாரும் பார்ப்பதில்லை. வியர்வை நீர் நிற்பதே அங்கேதான். உள்ளேயும் சுரண்டிப் பிரைமர் அடிக்காமல் கூலி கொடுக்காதீர்கள்.

கூரை குழிந்திருந்தால் அந்தக் குழியில் நீர் தேங்கும். உள்ளிருந்து மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்ல மேலே தள்ளினால் நேராகும். வெல்டிங் நடக்கும் நாளில் ஒரு கோரைத் துணுக்குகூட உள்ளே இருக்கக் கூடாது. தரை மரம் என்பதை மறக்க வேண்டாம், தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னது சாதாரணச் சரக்குப் பெட்டிக்கு. உங்களுடையது ரீபர் என்கிற குளிர்சாதனப் பெட்டியாக இருந்தால் வெல்டிங் பற்றி மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. வெல்டரைப் பக்கத்திலேயே விடக்கூடாது. களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைக்காய் வைக்கலாம் என்று மெஷின் கழன்ற பழைய ரீபர் பெட்டிகளை ஆசைகாட்டி விற்கிறார்கள், அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன். சுவர் மடிப்பில்லாமல் வழவழவென்று இருந்தால், தட்டினால் கணீரென்ற சத்தம் வராமல் பொத்தென்று ஒலித்தால், கதவு நான்கு விரல் அளவுக்குத் தடிமனாக இருந்தால், தரை பலகையாக இல்லாமல் நீள நீள அலுமினியப் பட்டைகளாக இருந்தால், ஒரு முனையில் மெஷின் இருந்த இடம் தெரிந்தால், அது ரீபர். இரண்டு தகட்டுக்கும் நடுவில் பாலியூரித்தேன் நுரை அடைத்திருப்பார்கள். வெல்டிங் பொறி அதில் பட்டால் வெளியே தீ தெரியாமலே உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும், மூடிய பெட்டிக்குள் நிற்கிற ஆள் சுருண்டு விழ அதிக நேரம் ஆகாது. கிரைண்டர் பொறிக்கும் இதே ஆபத்துதான். ரீபரில் ஓட்டை என்றால் அலுமினியத் தகடு, ரிவெட், சீலன்ட் வைத்துத்தான் அடைக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள், லாரி வாடகை கொடுத்தாவது அவர்களைக் கூப்பிடுங்கள்.

புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்லும் சர்டிபிகேட் கதவில் அடித்திருக்கும் சி.எஸ்.சி. தகடு தொடர்பானது. கண்டெய்னர் பாதுகாப்புக்காக 1972-இல் செய்த உலக ஒப்பந்தத்தின்படி வந்த தகடு அது. பெட்டியைச் சரக்கோடு தூக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாகக் கப்பலில் அடுக்கலாம் என்பதற்கு அத்தாட்சி. செய்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் முதல் சோதனை, பிறகு 30 மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்று அதில் கணக்கு உண்டு. வீட்டுப் பின்புறம் அசையாமல் நின்று பாய் காக்கும் பெட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்கென்று பத்துப் பைசா அதிகம் கொடுக்காதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பெட்டியைக் காட்டினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அடிச்சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், மந்தமாக ஒலிக்கும் இடத்தில் பட்டி வைத்து மெழுகியிருப்பார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே இரும்பே இல்லை. குனிந்து அடியில் குறுக்குச் சட்டங்களைப் பார்க்காமல் யாரும் பணம் எண்ணக் கூடாது.

கேட்க வேண்டிய தாள் வேறு, அதைப் பற்றிப் புரோக்கர் வாய் திறக்க மாட்டார். வெளிநாட்டுப் பெட்டி சரக்கோடு இங்கே வரும்போது 6 மாதத்துக்குள் திரும்பப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையில்தான் சுங்க வரி இல்லாமல் உள்ளே வருகிறது. இங்கேயே விற்பதென்றால் வரி கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கத் தாள் வேண்டும். அதில் இருக்கும் பெட்டி எண்ணும், நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள் ஒரு இலக்கம் என்று பெட்டிமேல் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைப் பெயின்ட் அடித்து மறைத்த பெட்டியைத் தொடவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு அரிசி ஆலைக்காரர் இந்த ஒரு தாளுக்காக மாசக்கணக்கில் அலைந்தார். யார்டில் கேட்டால் கப்பல் ஏஜென்ட்டிடம் கேள் என்றார்கள், ஏஜென்ட் புரோக்கரைக் கைகாட்டினார், புரோக்கர் போனை எடுக்கவில்லை. விற்கிறவர்களே பில்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய நகலை, வாங்குகிறவர் ஏன் வாசல் வாசலாக ஏறி வாங்க வேண்டும்? இத்தனை வருஷமாகியும் இதை ஒழுங்குபடுத்த யாருக்கும் மனமில்லை. நீங்கள் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய பெட்டிக்கு அந்த நகல் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். இல்லையென்றால், உங்களோடு வியாபாரம் பேச வருகிற இந்த நேரத்தில்தான் அவரிடம் கேட்டு வாங்க முடியும்.

கல் வைத்துத் தூக்குவதையும் வெட்டி ஒட்டுவதையும் பங்குனியிலிருந்து வைகாசிக்குள் முடித்துவிடுங்கள், பெயின்ட் நன்றாகக் காயும். அடுத்த ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் உள்ளே போய், எந்தெந்த இடத்தில் சொட்டுகிறது என்று ஒரு தாளில் கூரையைக் கட்டம் போட்டுக் குறித்து எழுதி அனுப்புங்கள். ஓட்டையா வியர்வையா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.