விரிப்பைப் பிரித்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

கரூரில் ஏற்றுமதித் துணி நிறுவனங்களில் 31 வருஷம் செக்கிங் பிரிவில் இருந்தவள் நான். போன இதழில் போகிற போக்கில் அதை எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் படுக்கை விரிப்பைப் பற்றித்தான். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகளின் புதுமனைப் புகுவிழாவுக்காக ஆன்லைனில் "1000 டீசி, எகிப்தியப் பருத்தி" என்று போட்டிருந்த கிங் சைஸ் செட்டை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். பிரித்தபோது பட்டு மாதிரி வழுவழு என்று இருந்தது. நான்கு முறை துவைத்ததும் மினுமினுப்பு போய், தலை வைக்கிற பக்கமெல்லாம் பொடி உருண்டை கட்டிவிட்டது. திருப்பி அனுப்பும் நாளும் கடந்துவிட்டது. முன்கூட்டியே இதை எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா?
– வாசகி, மதுரை

பதில்: ஆசையாக மகளுக்கு வாங்கியது இப்படி ஆனதில் எனக்கும் வருத்தம்தான். தப்பு உங்கள் கண்ணில் இல்லை சகோதரி. அந்த 1000 என்ற எண்ணில்தான் இருக்கிறது.

டீசி என்றால் ஒரு சதுர அங்குலத்தில் பாவு நூலும் (நீளவாக்கில் ஓடுவது) ஊடை நூலும் (குறுக்கே ஓடுவது) சேர்த்து மொத்தம் எத்தனை என்ற கணக்கு. நல்ல 300 டீசி துணியில் பாவு 173, ஊடை 120 என்கிற அளவில் ஓடும், சேர்த்தால் ஏறக்குறைய 300. அதற்கு 60ஆம் நம்பர் நூல் வேண்டும். அதாவது ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நூல் கொண்ட சுற்று (சிட்டம் என்போம்) 60 வரும் அளவுக்கு மெல்லிய நூல். அதே ஒரு அங்குலத்தில் இன்னும் நூலைச் சேர்க்க வேண்டுமானால் 80, 100 என்று நூல் இன்னும் மெலிய வேண்டும். நீள இழைப் பருத்தி இல்லாமல் அவ்வளவு மெல்லிய நூல் நிற்காது, அறுந்துவிடும். ஒற்றை நூலில் 400, 500 வரை நெய்தாலே அது உயர்ந்த துணி, விலையும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் 1000 எப்படி வருகிறது? இரண்டு அல்லது நான்கு இழைகளை முறுக்கி ஒரே நூலாக்குகிறார்கள். தறியில் அது ஒரு நூல். லேபிளில் நான்கு. அப்படி எண்ணினால் 250 டீசி துணி 1000 ஆகிவிடும். ஊடையில் ஒரே வீச்சில் பல நூல்களைச் சேர்த்து விட்டு, ஒவ்வொன்றையும் எண்ணிக்கொள்வதும் உண்டு. முறுக்கு நூலில் எத்தனை இழை இருந்தாலும் ஒன்று என்றுதான் எண்ண வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தரவிதி. இழைகளை எண்ணிப் போடுவது வாங்குபவரை ஏமாற்றுவதாக ஆகலாம் என்று அந்த நாட்டு வர்த்தக ஆணையத்தின் அதிகாரிகள் 2005லேயே கடிதம் எழுதினார்கள். ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டிய துணி, ஒரு வாடிக்கையாளருக்கு 300 என்றும் இன்னொருவருக்கு 600 என்றும் லேபிள் தைத்துப் போனது. அடியில் விளக்கு எரியும் லைட் டேபிளில் விரித்து, நூல் எண்ணும் பூதக்கண்ணாடியான பிக் கிளாஸை வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகத் தள்ளி எண்ணினேன். மூன்று இடத்தில் எண்ணியும் 300ஐத் தாண்டவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். "லேபிள் அவங்க அனுப்புறதும்மா, நீ தையலைப் பாரு" என்றார். தையலைப் பார்த்தேன். ஆனால் அந்தப் பெட்டிகள் லாரியில் ஏறிய நாள் இன்றும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

நீங்கள் பார்த்த வழுவழுப்பு பெரும்பாலும் பினிஷிங்கில் ஏற்றியது. கேலண்டர் என்கிற சூடான உருளையில் அழுத்தி மினுக்கு ஏற்றுவார்கள், மேலே சிலிக்கான் சாப்ட்னர் போடுவார்கள். நாலு துவைப்பில் அது இறங்கியதும் உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிகிறது. குட்டை இழைப் பருத்தியாக இருந்தால் முனைகள் பிரிந்து உரசலில் உருண்டை கட்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த உருண்டை உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும், இன்னும் மோசம்.

எகிப்தியப் பருத்தி என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். 2016இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், எகிப்தியப் பருத்தி என்று விற்ற சுமார் 7,50,000 விரிப்புகளும் தலையணை உறைகளும் வேறு பருத்தியில் செய்யப்பட்டவை என்று கண்டுபிடித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. அனுப்பியது நம் நாட்டு நிறுவனம். அவ்வளவு பெரிய கடைக்கே அது தெரிய இரண்டு வருஷம் ஆனது. நீள இழைதான் முக்கியம், நாட்டின் பெயர் இல்லை. நம் கோயம்புத்தூரில் 1970களில் உருவாக்கிய சுவின் பருத்தி, உலகின் மிக நீள இழைப் பருத்திகளில் ஒன்று. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களைக் கலந்ததால் அந்தப் பெயர். அதைப் பற்றி நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாதது எனக்குப் பெரிய குறை.

சரி, பார்சல் வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விரிப்பைத் தொட வேண்டாம். தலையணை உறையை உள்பக்கம் திருப்புங்கள். தையலோரத்தில் துணியின் வெட்டு முனை தெரியும். ஊசியால் அங்கிருந்து இரண்டு அங்குல நூல் ஒன்றை உருவுங்கள், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக உருட்டுங்கள். ஒற்றை நூல் என்றால் பஞ்சாகத் தளர்ந்து, லேசாக இழுத்ததும் பிரிந்து வந்துவிடும். முறுக்கு நூல் என்றால் இரண்டு மூன்று தனித்தனி நூலாகக் கவட்டை விரியும். 1000 டீசியின் கதை அந்த இரண்டு அங்குலத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு நூலை இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். கலப்பு நூலில் சாம்பலுக்குள் அந்தக் கெட்டி நெருடும்.

இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. என் மகளுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். முழு செட்டை வாங்குவதற்கு முன் அதே ரகத்தில் தலையணை உறை ஒரு ஜோடி மட்டும் வாங்குங்கள். ஐந்து முறை துவைத்து, தினமும் தலை வைத்துப் படுங்கள். எண்ணெய், வியர்வை, உரசல் எல்லாம் படும் இடம் அதுதான். ஒரு மாதத்தில் உருண்டை கட்டாமல், ஓரம் முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் தயங்காமல் செட்டை வாங்கலாம்.

கேள்வி: சென்னையில் ஏசி இல்லாத அறை. பெர்கேல், சாட்டீன் என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். எதை எடுப்பது? ஓக்கோ-டெக்ஸ் முத்திரை இருந்தால் தரமானது என்று நம்பலாமா அம்மா?
– வாசகர், சென்னை

பதில்: யோசிக்கவே வேண்டாம் தம்பி, பெர்கேல் எடுங்கள். ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று நெய்த சாதா நெசவு அது. காற்று புகும், உடம்பில் ஒட்டாது, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். கசங்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாட்டீனில் நூல் நாலைத் தாண்டி ஒன்றுக்குக் கீழே போகும். மேலே நீளமாகக் கிடக்கும் அந்த நூல்தான் பளபளப்பையும் வழுக்கலையும் தருகிறது. கொலுசு, வளையல் மாட்டினால் இழுபடுவதும் அதுவே. ஏசி அறைக்குச் சாட்டீன் சுகமாக இருக்கும், உங்கள் அறைக்கு வெக்கையாக இருக்கும். 200 முதல் 300 டீசிக்குள் ஒற்றை நூல், கோம்புடு பருத்தி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோம்புடு என்றால் குட்டை இழைகளைச் சீவி எடுத்த பஞ்சில் நூற்றது.

ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை நல்ல விஷயம்தான். சாயத்திலும் ரசாயனத்திலும் உடம்புக்குக் கெடுதலானது வரம்புக்குமேல் இல்லை என்று பரிசோதித்ததற்கு அது அடையாளம். துணி எத்தனை வருஷம் உழைக்கும் என்று அது சொல்லாது. பாலியஸ்டர் விரிப்புக்கும் அந்த முத்திரை கிடைக்கும்.

படத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் துணி வகை என்று இருப்பதைப் படியுங்கள். "100% பருத்தி" என்று நேராக இருக்க வேண்டும். "காட்டன் ஃபீல்", "கிளேஸ் காட்டன்" என்றிருந்தால் பெரும்பாலும் பாலியஸ்டர் மைக்ரோஃபைபர்தான். எரித்துப் பார்த்த கிளேஸ் காட்டன் எதுவும் எனக்குச் சாம்பலானதில்லை.

கேள்வி: கிங் சைஸ் என்று வாங்கியது மெத்தையை மூடவே இல்லை. மெத்தை 72க்கு 78 அங்குலம், உயரம் 10. விரிப்பு 90க்கு 100. நான் அளந்ததில் தப்பா?
– இல்லத்தரசி, திருச்சி

பதில்: நீங்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள். 90இல் 72 போனால் மிச்சம் 18, பக்கத்துக்கு 9. மெத்தையின் உயரமே 10. கிங் என்ற பெயருக்கு நம் சந்தையில் ஒரே அளவு கிடையாது, அதனால் அங்குலத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உங்களுக்கு 108க்கு 108 வேண்டும். அகலத்தில் பக்கத்துக்கு 18 கிடைக்கும், பத்து மூடப் போக எட்டு செருகலாம். துவைத்தால் பருத்தி நூற்றுக்கு நாலு சுருங்கும் என்று வைத்துக்கொண்டாலும் 103க்குக் குறையாது. எலாஸ்டிக் வைத்தது வாங்குவதானால் எலாஸ்டிக் நாலு மூலையில் மட்டும் இருக்கிறதா, சுற்றிலும் ஓடுகிறதா என்று கேளுங்கள். சுற்றிலும் ஓடுவதையே எடுங்கள். மெத்தையின் மூலை நுழையும் பாக்கெட்டின் ஆழம் 12 அங்குலமாவது இருக்கட்டும்.